குட்டையில் புகுந்த விரால்: தூண்டில் இரைக்கு வாசனை மருந்து தேவையா?

பண்ணைக் குட்டையில் கெண்டை வளர்க்கும் விவசாயிகளுக்கு வரும் தொல்லைகளில் சத்தமில்லாமல் கையைக் கடிப்பது விரால் தொல்லை. 25 சென்ட் குட்டை என்றால் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் 1000 குஞ்சுகள் விட்டிருப்பார்கள். வாய்க்கால் தண்ணீரோடு நாலைந்து சிறு விரால்கள் உள்ளே வந்துவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. ஒரு விரால் நாளைக்கு இரண்டு குஞ்சு தின்பதாக வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 60 ஆகிறது. ஐந்து விரால் இருந்தால் 300. தவிடும் புண்ணாக்கும் வழக்கம்போல் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அறுவடை நாளில் வலையை இழுக்கும்போதுதான் கணக்கு இடிக்கும்.

விரால் வருவதற்கு வாய்க்கால்கூடத் தேவையில்லை. செவுள் தவிர, காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு ஒன்றும் அதற்கு உண்டு. ஆகையால் மழை நாளில் ஈரத் தரையில் ஊர்ந்து, பக்கத்து வயலிலிருந்து குட்டைக்கு வந்து சேரும். குறவையும் இதே இனம்தான்.

குஞ்சு விடுவதற்கு முன்பாக இருந்தால் வழி உண்டு. குட்டையை வற்றவிட்டுக் காயப்போடலாம். வற்றாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு போடுவது நெடுநாள் வழக்கம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு எக்டேருக்கு 2500 கிலோ என்பது அளவு. 25 சென்ட் குட்டைக்கு 250 கிலோ வரும். அதன் நஞ்சு முறிய மூன்று வாரம் வரை ஆகலாம். ஆனால் கெண்டைக் குஞ்சு விட்ட பிறகு இதைச் செய்ய முடியாது. விராலைக் கொல்லும் புண்ணாக்கு கெண்டையையும் சேர்த்தே கொன்றுவிடும். பாசனத்துக்கும் மாட்டுக்கும் அதே தண்ணீர்தான் என்றால் வற்றவிடவும் முடியாது. வலையை அடிக்கடி இழுத்தால் கெண்டைக்குச் செதில் உரிந்து புண் ஆகும். சேற்றில் பதுங்கும் விராலோ வலைக்கு அடியில் நழுவிவிடும். மிஞ்சுவது தூண்டில் ஒன்றுதான்.

தூண்டில் சாமான் வாங்கப் போகும் இடத்தில் இப்போது சின்னச் சின்னச் சீசாக்களில் வாசனை மருந்து விற்கிறார்கள். ரப்பர் தவளை மீதும் பிளாஸ்டிக் புழு மீதும் இரண்டு சொட்டு தடவினால் மீன் தேடி வரும் என்கிறார்கள். வாங்குவது லாபமா, வீண் செலவா என்பது எந்த மீனைப் பிடிக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. கெளுத்திக்கும் கெண்டைக்கும் வாசனையே தூண்டில். விராலுக்கு அப்படி அல்ல.

மீனுக்கு மூக்கு எப்படி வேலை செய்கிறது?

மீனின் முகத்தில் கண்ணுக்கு முன்னால் சிறு துளைகள் இருப்பதைக் கவனித்திருக்கலாம். அவை மூச்சு விடுவதற்கு அல்ல, முகர்வதற்கு மட்டுமே. ஒரு துளை வழியாக நீர் உள்ளே போய், மடிப்பு மடிப்பான சவ்வைத் தொட்டு, அடுத்த துளை வழியாக வெளியே வரும். அந்த நீரில் கரைந்திருப்பதை மட்டுமே மீன் முகர முடியும்.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். நம் மூக்குக்கு எட்டுவது காற்றில் பறக்கும் வாசனை. மீனுக்கு எட்டுவது தண்ணீரில் கரையும் பொருள். நமக்கு மணக்கும் அத்தரும் எண்ணெயும் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து போகும். நமக்கு அவ்வளவாக மணக்காத மண்புழுச் சாறும் ரத்தமும் ஊறிய புண்ணாக்குத் தண்ணீரும் நன்றாகக் கரைந்து பரவும். புரதம் சிதையும்போது உண்டாகும் அமினோ அமிலங்கள்தான் மீனைப் பெரிதும் இழுப்பவை. புளிக்க வைத்த தவிட்டுக்கும் கோழிக் குடலுக்கும் கருவாட்டுக்கும் மீன் வருவதன் காரணம் இதுவே.

கரைந்த வாசனையும் தானாக வெகுதூரம் போகாது. அசையாத நீரில் அது மிக மெதுவாகவே பரவும். ஓட்டம் இருந்தால்தான் தூரத்து மீனுக்குச் சேதி போய்ச் சேரும். ஆற்றிலும் வாய்க்காலிலும் நீரோட்டம் இந்த வேலையைச் செய்கிறது. குட்டையில் ஓட்டம் இல்லை. எனவே மோட்டார் ஓடித் தண்ணீர் விழும் நேரத்தில், விழும் இடத்தை ஒட்டி இரை போட்டால் வாசனை குட்டைக்குள் இழுத்துச் செல்லப்படும். காற்றடிக்கும் நாளில் மேல் தண்ணீர் காற்றின் போக்கில் நகரும், அடித் தண்ணீர் அதற்கு எதிராக மெல்லத் திரும்பும். அதாவது தரையில் கிடக்கும் இரையின் வாசனை காற்று வரும் பக்கமாகப் போகும். பிடிக்க உட்காருபவர்களில் பலர் இதைத் தலைகீழாக நினைத்துவிடுகிறார்கள்.

அமெரிக்கக் குட்டையிலிருந்து வந்த சீசா

வாசனை மருந்தும் ரப்பர் தவளையும் பெரும்பாலும் அமெரிக்காவில் 'பாஸ்' என்ற மீனுக்காக உண்டாக்கப்பட்டவை. அகன்ற வாயும் பச்சைப் பழுப்பு உடலும் கொண்ட நன்னீர் மீன் அது. அங்கே அது பொழுதுபோக்குக்காரர்களின் மீன் மட்டும் அல்ல, சிறு விவசாயிகளின் குட்டை மீனும்கூட. அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் நகரத்து விவசாயக் கல்லூரியில் எச்.எஸ்.ஸ்விங்கிள் என்பவர் 1930களில் தொடங்கிப் பல ஆண்டுகள் பண்ணைக் குட்டைகளை ஆராய்ந்தார். புளூகில் என்ற சிறு மீன் குட்டையில் ஏராளமாகப் பெருகி, தீனி போதாமல் ஒன்றும் வளராமல் கிடந்தது. அதைத் தின்று அளவோடு வைக்கப் பாஸ் மீனைச் சேர்த்து விடச் சொன்னார். உரமிட்ட குட்டையில் ஏக்கருக்கு 1000 புளூகில் குஞ்சும் 100 பாஸ் குஞ்சும் என்பது அங்கே பரவிய கணக்கு. நம் ஊரில் விராலைக் குட்டையிலிருந்து எடுக்கப் பாடுபடுகிறோம். அங்கே தின்னும் மீனை விலை கொடுத்து வாங்கி விட்டார்கள். இந்த வேறுபாட்டில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அது பின்னால் வரும்.

பாஸுக்கும் விராலுக்கும் உறவு இல்லை, ஆனால் பிழைப்பு ஒன்றுதான். இரண்டும் செடி ஓரத்தில் அசையாமல் நின்று, அசையும் இரையைக் கண்ணால் கண்டு, பாய்ந்து விழுங்கும். கலங்கல் தண்ணீரில் உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கக் கோடு நீரின் அதிர்வை அறிந்து சொல்லும். தவளை குதித்தால் எழும் அலை அந்தக் கோட்டுக்கு எட்டும். மூக்கு இருந்தாலும் வேட்டையைத் தொடங்கி வைப்பது மூக்கு அல்ல.

பிறகு ஏன் பாஸ் பிடிக்கும் இரைக்கு வாசனை பூசினார்கள்? 1980களில் பெர்க்லி என்ற தூண்டில் கம்பெனி, தொட்டிகளில் மீனை வைத்துப் பரிசோதித்து, வாசனையும் சுவையும் பிளாஸ்டிக்கிலேயே கலந்த இரையை உண்டாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்கே பல ஆண்டுகள் ஆய்வு செய்த கீத் ஜோன்ஸ் பாஸ் மீனைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். இந்தப் பரிசோதனைகளில் தெரிய வந்தது சீசா விற்பவர்கள் சொல்வதிலிருந்து சற்று வேறானது. வாசனை பாஸை வெகு தூரத்திலிருந்து அழைத்து வருவதில்லை. கண்ணால் கண்டு கவ்விய பிறகு, வாயில் இருப்பது பிளாஸ்டிக் என்று தெரிந்து துப்புவதற்குள் கிடைக்கும் நேரத்தை அது கூட்டித் தருகிறது. சுவையில்லாத பிளாஸ்டிக்கைச் சட்டென்று உமிழ்ந்துவிடும் மீன், சுவையேற்றியதைச் சில நொடிகள் கூடுதலாக வைத்துக்கொள்கிறது. தூண்டில்காரருக்கு அந்தச் சில நொடிகளே போதும், முள்ளை இழுத்துவிடலாம்.

ஆகவே வாசனை என்பது இரண்டாம் வேலை செய்வது. இரையை மீன் பார்க்கும்படி, அதிர்வை உணரும்படி போடுவதே முதல் வேலை. விரால் இல்லாத மூலையில் தவளையைப் போட்டுவிட்டு எத்தனை சொட்டு மருந்து தடவினாலும் பயன் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீசா மருந்துகளில் பல எண்ணெயில் கலக்கப்பட்டவை. மீன் எண்ணெய், பூண்டு, சோம்பு வாசனை என்று எதுவானாலும் எண்ணெய் இரைமேல் ஒட்டிக்கொள்ளுமே தவிர நீரில் கரையாது. பிளாஸ்டிக்கின் நாற்றத்தையும் கைநாற்றத்தையும் மறைக்க உதவலாம், அழைப்பு அனுப்ப உதவாது. விராலுக்கு அந்தச் சில நொடிகள்தான் வேண்டுமென்றால் காசு செலவழிக்கத் தேவையில்லை. இறால் தலையையோ பொடி மீனையோ நசுக்கி அந்தச் சாற்றில் ரப்பர் தவளையைப் புரட்டி எடுத்தால் போதும். இது நீரில் கரையும் சாறு. நாலைந்து முறை வீசியதும் கழுவிப் போய்விடும், மறுபடி புரட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

உயிர்த் தவளையை முள்ளில் குத்துவது பழைய வழக்கம். அதை விட்டுவிடுவது நல்லது. வயலில் பூச்சியைத் தின்னும் தவளை உழவனுக்குக் கூலி கேட்காத ஆள். தவளைக் கால் ஏற்றுமதியையே மத்திய அரசு 1987-இல் தடை செய்தது. பெரிய தவளை இனம் வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பிலும் இருக்கிறது. ரப்பர் தவளையே அந்த வேலையைச் செய்யும்போது உயிர்த் தவளை எதற்கு?

விராலை எடுக்கும் முறை

விடியற்காலையும் அந்தி நேரமும்தான் விரால் மேயும் நேரம். நடுப்பகலில் வெயிலில் உட்கார்ந்திருப்பது வீண். குட்டையின் நடுவில் தேடவும் வேண்டாம். கரையோரப் புல், ஆகாயத் தாமரை, தண்ணீரில் சாய்ந்த கிளை, இவற்றின் நிழல்தான் அதன் இடம். அடிக்கடி மேலே வந்து ஒரு வாய்க் காற்று குடித்துவிட்டுப் போகும். அப்போது எழும் சிறு சுழிப்பைப் பார்த்து, எந்த மூலையில் எத்தனை இருக்கின்றன என்று இரண்டு மூன்று நாள் கவனித்து வைத்துக்கொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

தங்கூஸ் தடிமனாக இருக்க வேண்டும். விராலுக்குப் பல் உண்டு, செடிக்குள் புகுந்து சிக்கவும் வைக்கும். ரப்பர் தவளையை மீன் இருக்கும் இடத்துக்குச் சற்று அப்பால் வீசி, விட்டு விட்டு இழுத்து, தத்தித் தத்திப் போவதுபோல் கொண்டுவர வேண்டும். விரால் பாய்ந்து எடுத்ததும் பதற்றத்தில் இழுத்துவிடுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. தவளையை வாய்க்குள் வாங்கிக்கொண்டு அது திரும்பி அமிழும்வரை ஒரு மூச்சு பொறுத்து, பிறகு வெடுக்கென்று இழுக்க வேண்டும். சாற்றில் புரட்டிய தவளை பயன் தருவது இந்த ஒரு மூச்சு நேரத்தில்தான்.

ரப்பர் தவளை இல்லாதவர்கள் குட்டையில் தானாகப் பெருகும் பொடி மீனை இரையாக வைக்கலாம். முதுகுத் துடுப்புக்குக் கீழே மெல்லக் குத்தினால் நெடுநேரம் நீந்திக்கொண்டிருக்கும். மாலையில் நாலைந்து தூண்டில்களைக் கரையில் குச்சி நட்டுக் கட்டி வைத்து, காலையில் போய்ப் பார்க்கலாம். இதற்கு எந்த வாசனையும் வேண்டாம். நீந்தும் இரையின் துடிப்பே விராலுக்குப் போதும்.

மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேல்மட்டத்தில் கொதிப்பதுபோல் அசைவதைக் கண்டால் அது விரால் குஞ்சு. தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். பக்கத்தில் விழும் எதையும் பசி இல்லாவிட்டாலும் பாய்ந்து கடிக்கும். சொந்தக் குட்டையில் அந்தக் கூட்டத்தைக் கொசுவலைத் துணியால் செய்த கைவலையில் அப்படியே மொண்டுவிட வேண்டும். மூன்று வாரம் விட்டுவைத்தால் சிதறிவிடும், பிறகு பிடிப்பது அரிது. ஏரியிலும் கண்மாயிலும் காவல் நிற்கும் தாய் மீனைப் பிடிப்பது வேறு விஷயம். அது அடுத்த ஆண்டு விளைச்சலில் கை வைப்பதாகும். அங்கே மீன்பிடி உரிமை குத்தகைக்காரருக்கு உரியது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

பிடித்த விராலைக் கொன்றுபோட வேண்டியதில்லை. ஈரச் சாக்கில் சுற்றி உயிரோடு சந்தைக்குக் கொண்டுபோனால் கெண்டையைவிட நல்ல விலைக்குப் போகும். தின்ற குஞ்சுகளுக்கு ஓரளவு ஈடு அதிலேயே கிடைத்துவிடும்.

வாசனைக்கு வருபவை

கெளுத்தி, தேளி, வாளை ஆகியவையும் குஞ்சு தின்னும் மீன்களே. இவற்றுக்குக் கதை வேறு. கெளுத்தி இருட்டிலும் சேற்றிலும் திரிவது. அதன் மீசை சும்மா அழகுக்கு அல்ல. மீசையிலும் உடல் தோலிலும்கூடச் சுவை அறியும் நுண் மொட்டுகள் இருக்கின்றன. உடம்பே நாக்காக உள்ள மீன் என்று சொல்லலாம். இதற்கு வாசனையுள்ள இரை கட்டாயம் வேண்டும். ஆனால் சீசா வேண்டாம். மண்புழுக் கொத்தும் ஒரு நாள் வெயிலில் வைத்த கோழிக் குடலும் எந்தச் சீசாவையும் தோற்கடிக்கும். ஈயக்குண்டு கட்டி இரையைத் தரையில் கிடத்தி, இரவில் போட வேண்டும். கோழிக் குடலை அள்ளி அள்ளிக் குட்டையில் கொட்டுவது மட்டும் கூடாது. அழுகி நீரைக் கெடுத்து, விடியற்காலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

தேளியைக் கழற்றும்போது வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. மார்புத் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. குத்திவிட்டால், பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். வீக்கம் ஏறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் திரும்ப விடக் கூடாது. வளர்க்கவே தடை செய்யப்பட்ட மீன் அது. ஒன்றிரண்டு தப்பினாலும் ஏரி குளங்களின் நாட்டு மீன்களை அழித்துவிடும்.

கெண்டையைத் தூண்டிலில் பிடிக்க வேண்டிய அவசியம் மாதத்துக்கு ஒருமுறை வரும். எடை என்ன, வளர்ச்சி சரிதானா என்று பார்க்க வலை போடாமல் நாலைந்து மீன் எடுக்க இது சுலபமான வழி. ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை மூன்றும் வாசனையை நம்பித் தின்பவை. கடலைப் புண்ணாக்கை இரவு ஊறவைத்து, வறுத்த தவிட்டைச் சேர்த்து, பிடிப்புக்குக் கொஞ்சம் கோதுமை மாவு போட்டுப் பிசைந்தால் இரை தயார். சிலர் வெந்தயத்தை வறுத்துப் பொடித்துப் போடுவதும் உண்டு. பிசைந்த மாவு தண்ணீரில் உடனே கரைந்துவிடவும் கூடாது, கல்லாய் நிற்கவும் கூடாது. மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே இருந்தால்தான் வாசனை பரவும். கட்லா மேல்மட்டத்தில் நுண்ணுயிரை வடிகட்டித் தின்னும் மீன் என்பதால் இந்த உருண்டைக்கு அவ்வளவாக வராது.

தீனிச் சாக்கில் துளையிட்டு மூங்கில் கம்பில் தொங்கவிட்டு வளர்ப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. அந்தச் சாக்கைச் சுற்றி, அந்த நேரத்துக்கு, அந்த வாசனைக்கு மீன் ஏற்கெனவே பழகியிருக்கும். சாக்கில் உள்ள அதே கலவையை முள்ளில் வைத்தால் போதும். புது வாசனையைக் காட்டிப் பழக்கத்தைக் குழப்புவதில் பயன் இல்லை.

விரட்டும் வாசனை

அழைக்கும் வாசனையைப் பற்றியே பேசுகிறார்கள். விரட்டும் வாசனையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தூண்டில்காரர் வெறுங்கையோடு திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பகுதியில் 1950களில் ஒரு சோதனை நடந்தது. ஆற்றை எதிர்த்து ஏறி வரும் சால்மன் மீன்களுக்கு மேலே, ஓடும் நீரில் மனிதக் கையைக் கழுவினார்கள். மீன்கள் மிரண்டு ஏறுவதை நிறுத்தின. கையின் தோலிலிருந்து கரையும் செரின் என்ற அமினோ அமிலமே காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். சால்மன் அளவுக்குக் கெண்டை மிரளும் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனாலும் புகையிலை கசக்கிய கை, டீசல் பட்ட கை, மருந்து தெளித்த கை ஆகியவற்றோடு இரையைத் தொடாமல் இருப்பது நல்லது. குட்டை மண்ணையே கொஞ்சம் எடுத்துத் தேய்த்துக் கையைக் கழுவிக்கொண்டால் போதும். மருந்து தெளிக்கும் பம்பைக் குட்டையில் கழுவும் வழக்கம் இருந்தால் தூண்டிலைப் பற்றிப் பேசவே வேண்டாம். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொன்றுவிடும்.

இதைவிட முக்கியமானது அடிபட்ட மீனின் வாசனை. தேனீக்களின் நடனத்துக்குப் பொருள் கண்டு 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், 1938-இல் மீனிலும் ஒன்றைக் கண்டறிந்தார். கெண்டை இனத்தைச் சேர்ந்த சிறு மீன் ஒன்று காயப்பட்டால் அதன் தோலிலிருந்து ஒரு பொருள் நீரில் கரைகிறது. அதை முகர்ந்த அதன் கூட்டம் சிதறி ஓடி ஒளிந்துகொள்கிறது. கெண்டை, கெளுத்தி இனங்கள் பலவற்றில் இந்த அபாய அறிவிப்பு உண்டு. எனவே எடை பார்க்கப் பிடித்த கெண்டையைச் செதில் உரியக் கையாண்டு, முள் கிழித்த வாயோடு அதே இடத்தில் விட்டுவிட்டு, அடுத்த மீன் வரும் என்று காத்திருப்பது வீண். தீனிச் சாக்கின் அருகில் மீனை அறுத்துக் கழுவுவதும் கூடாது. பிடித்ததை ஈரக் கையால் எடுத்து, எடை பார்த்து, வேறு மூலையில் விட வேண்டும்.

எல்லா விராலையும் எடுக்க வேண்டுமா?

முன்னே சொன்ன அமெரிக்கப் பாடம் இங்கேதான் வருகிறது. ஜிலேபிக் கெண்டை புகுந்து, கணக்கின்றிக் குஞ்சு பொரித்து, கெண்டைக்குப் போடும் தீனியை எல்லாம் தின்று, உள்ளங்கை அளவுக்குமேல் வளராமல் கிடக்கும் குட்டைகள் நிறைய உண்டு. அந்தக் குட்டையில் இரண்டு மூன்று விரால் இருப்பது வேலைக்கு ஆள் வைத்த மாதிரி. ஜிலேபிக் குஞ்சைத் தின்று அளவோடு வைக்கும். விட்ட கெண்டைகள் ஏற்கெனவே அரைக் கிலோ எடையைத் தாண்டியிருந்தால் நடுத்தர விராலின் வாய்க்குள் அவை போகாது. அப்படிப்பட்ட குட்டையில் விராலைத் தேடித் தூண்டில் போட வேண்டியதில்லை. விரலளவு குஞ்சு விட்ட முதல் மூன்று மாதம்தான் உண்மையான அபாயக் காலம்.

தூண்டில் போடுவதற்கு முன் குட்டையின் அடியையும் பார்க்க வேண்டும். பாலிதீன் விரிப்புப் போட்ட குட்டையில் ஈயக்குண்டு கட்டிய முள் அடியில் உரசினால் விரிப்புக் கிழிந்து தண்ணீர் கசியும். விரிப்பை ஒட்டுப்போடும் செலவுக்கு ஐந்து விராலின் விலை ஈடாகாது. இத்தகைய குட்டையில் தக்கை கட்டி, முள் தரையிலிருந்து ஒரு முழமாவது மேலே நிற்கும்படி தூண்டில் போட வேண்டும். மேல்மட்டத்தில் இழுக்கும் ரப்பர் தவளைக்கு இந்தப் பயம் இல்லை, ஆனால் கரைச் சரிவில் விரிப்பு வெளியே தெரியும் இடத்தில் கவனம் வேண்டும். அறுந்துபோன பிளாஸ்டிக் புழுக்களைத் தண்ணீரில் விட்டுவிடாமல் தேடி எடுத்துவிட வேண்டும். மீன் விழுங்கினால் அது செரிக்காது.

பிடித்து முடித்த கையோடு தண்ணீர் வரும் குழாய் வாயில் கண் நெருக்கமான நைலான் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டிவிட வேண்டும். வாரம் ஒருமுறை அதில் சேரும் தூசியைத் தட்டினால்தான் தண்ணீர் தடையின்றி வரும். கரையைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குப் பழைய வலையை அடியில் மண் அணைத்துக் கட்டிவைத்தால் மழை இரவில் ஊர்ந்து வரும் விராலும் வெளியிலேயே நின்றுவிடும்.